தண்ணீர் கலந்த மருந்து

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கெழுதுகிற கிராணி நான். வெட்டுக்காரர்கள் விடிகாலையில் மரப்பட்டையைக் கீறிவிட்டு, மத்தியானத்துக்குள் பாலை வாளியில் சுமந்து வந்து ஸ்டோர் வாசலில் வரிசையாக நிற்பார்கள். எடைக்குத் தகுந்த கூலி. எடை கூடட்டும் என்று வழியில் கால்வாய்த் தண்ணீரை இரண்டு சிரட்டை ஊற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைப் பிடிக்க எனக்கு ஒரு கண்ணாடி மிதவை கொடுத்திருந்தார்கள். ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு, அதனால் கெட்டிப் பாலில் அது இறங்கும், தண்ணீர்ப் பாலில் எம்பி நிற்கும். ஆனால் மிதவையைப் போடுவதற்கு முன்பே ஆளின் முகத்தைப் பார்த்து நான் சொல்லிவிடுவேன். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மிச்சம் இரண்டைப் பற்றி நான் அப்போதெல்லாம் யோசித்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே எழுதப்போவது என் காலில் வந்த புண்ணைப் பற்றி மட்டும் அல்ல. அந்தப் புண்ணோடு படுத்திருந்தபோது நான் சொன்ன வார்த்தையை வைத்து ஒரு மனிதரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் எங்கள் தோட்டத்து டிரெஸர் சவரிமுத்து. டாக்டர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிற தோட்டத்தில் கட்டுப் போடுவது, ஊசி குத்துவது, பிள்ளை பிறந்தால் ஓடி வருவது எல்லாம் டிரெஸர்தான். அவர் வீடு திரும்புவாரா என்ற கேள்வியோடுதான் என் ஆஸ்பத்திரி நாட்கள் கழிந்தன. கால் பிழைக்குமா என்பதுகூட எனக்கு இரண்டாவதாகிப் போனது.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்ஸி நடந்துகொண்டிருந்த வருஷங்கள். கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கதவு வைத்து, அந்தக் கதவில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்தியிருந்தார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்கு அரிசியும் மருந்தும் போய்விடக் கூடாது என்பதால், வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து தலைக்கொண்டை வரை சோதிப்பார்கள். பக்கத்து லயத்துக்காரன் யாரோடு பேசுகிறான், எதற்கு இரண்டு பொட்டலம் உப்பு வாங்குகிறான் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஊர் முழுக்க அப்போதுதான் என் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஒரு மழை நாளில் வேலிக் கதவருகே வழுக்கி விழுந்தேன். முள்கம்பி முழங்காலுக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்குக் கிழித்தது. பெரிய காயம் இல்லை என்று மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டேன். நாலாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, நிற்க முடியவில்லை. என் மனைவி பாக்கியம் திட்டிக்கொண்டே என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனாள்.

ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டில் போட்ட ஒரு பலகை மண்டபம். என் அடுத்த கட்டிலில் வெட்டுக்காரன் காளிமுத்து, பாத்திரத்துக் கொதிநீர் காலில் கொட்டிப் படுத்திருந்தான். போன மாதம்தான் பாலில் தண்ணீர் கலந்தான் என்று அவன் பேரை நான் எழுதிக் கொடுத்து, அவனை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கச் செய்திருந்தேன். அவன் என்னைப் பார்த்ததும், வாங்க கிராணியாரே, இங்க நிறுக்க ஒண்ணும் இல்ல என்றான். அவன் சிரித்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

டிரெஸர் சவரிமுத்து அதிகம் பேசமாட்டார். ஐம்பது வயது, ஒல்லி, எப்போதும் வெள்ளை அரைக்கால் சட்டை. என் காலைப் பார்த்துவிட்டு, பென்சிலின் போட்டால் சரியாகிவிடும், தினம் ஒரு ஊசி என்றார். பென்சிலின் அப்போது எங்களுக்குச் சாமி மாதிரி. சீழ் பிடித்த காலை எல்லாம் முன்பு அறுத்து எடுத்தார்கள், இப்போது ஊசி குத்திக் காப்பாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

மறுநாள் காலை அவர் ஊசி தயார் பண்ணுவதைப் படுத்தபடியே பார்த்தேன். ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பி. உள்ளே வெள்ளைத் தூள். அதற்குள் ஊசியால் தண்ணீரை ஏற்றிக் குலுக்கினார். வெள்ளை வெளேரென்று ஆயிற்று. அச்சு அசல் நம் ரப்பர் பால்தான். மூன்றாம் நாள் ஊசி முனையில் மருந்து அடைத்துக்கொண்டது. அவர் முகம் சுளித்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏற்றி, மறுபடி குலுக்கினார். காளிமுத்துவுக்கும் அதே மாதிரி. ஒரு நாள் கெட்டியாக இருந்தது, ஒரு நாள் நீர்த்திருந்தது. இருபத்திரண்டு வருஷம் வெள்ளைப் பாலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாதா? மருந்தில் பாதியை எடுத்துவிட்டு இந்த மனுஷன் தண்ணீரை ஏற்றுகிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டோரிலும் நான் யாரையும் கேட்டது கிடையாது. கேட்டால் பொய்தான் சொல்வார்கள், பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

என் சந்தேகத்துக்குப் புண்ணே சாட்சி சொன்னது. ஆறு ஊசி போட்டும் சீழ் நிற்கவில்லை. அதைவிட மோசம், காளிமுத்துவின் கால். வந்தபோது வெறும் கொப்புளம், ஆறிக்கொண்டும் வந்தது. ஒரு வாரத்தில் அதுவும் என் புண்ணைப் போலவே மஞ்சள் கக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு கட்டில் தள்ளி, முதுகில் கட்டி அறுத்துக்கொண்ட ஒருவருக்கும் அப்படியே. நல்ல மருந்தாக இருந்தால் மூன்று பேருக்கும் எப்படிக் கேட்காமல் போகும்? மீதி மருந்து எங்கே போகிறது? ஞாயிற்றுக்கிழமை தோறும் டிரெஸர் மாதா கோயிலுக்கென்று சொல்லிவிட்டுக் கையில் பையோடு டவுனுக்குப் போய்வருவார். வேதக்காரர், பூசைக்குப் போகிறார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பை என் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

என் பக்கத்தில் நான் செய்துகொண்டிருந்த புண்ணியத்தையும் சொல்ல வேண்டும். பாக்கியம் எனக்குத் திருநீற்று டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். லயத்திலிருந்து வரும்போது வேலிக் கதவில் அதைத் திறந்து பார்த்த கான்ஸ்டபிள், வெள்ளைத் தூளாக இருக்கிறதே என்று விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தானாம். சாமி சாம்பல் என்று சொல்லி அவள் சிரித்திருக்கிறாள். அந்த டப்பாவை வைத்துக்கொண்டு நான் தினம் காலையில் நொண்டிக்கொண்டே கட்டில் கட்டிலாகப் போய் எல்லோர் நெற்றியிலும் பூசிவிடுவேன். தோட்டத்தில் நோயாளிக்கு யாராவது திருநீறு பூசுவது வழக்கம். கிராணி கையால் பூசினால் இன்னும் விசேஷம். காளிமுத்து மட்டும், கிராணியாரே, கால்லயும் ஒரு சிட்டிகை போடுங்க, டிரெஸர் மருந்து மெதுவாத்தான் கேக்குது என்று முதல் நாளிலிருந்தே சொல்வான். நான் அவன் கட்டை லேசாக விலக்கி, புண் ஓரத்தில் தூவி, விரலால் தடவிவிடுவேன். அதைப் பார்த்து முதுகுக் கட்டிக்காரரும் கேட்டார், அவருக்கும் அப்படியே. அவன் மேல் நான் எழுதிக் கொடுத்ததற்கு அது ஒரு சமாதானமாகவும் இருந்தது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். வேறு ஒரு தோட்டத்தில் காட்டுக்காரர்கள் விட்டுப் போன கூடாரத்தில் மருந்துக் குப்பிகள் கிடைத்திருக்கின்றன என்று பேச்சு. ஒவ்வொரு தோட்டத்து ஆஸ்பத்திரியாகப் பார்த்துவருகிறாராம். டிரெஸரின் அலமாரியைச் சோதித்தார். குப்பிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. போகிறவர் என் கட்டிலருகே நின்று, நீ கிராணியா, இங்கே ஏதாவது பார்த்தாயா என்று மலாயில் கேட்டார்.

நான் சொன்னேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், வாளி எண்ணிக்கையும் எங்களுக்குச் சரியாகத்தான் வரும், உள்ளே இருப்பதைப் பாருங்கள் என்றேன். தண்ணீர் ஏற்றியதை என் கண்ணால் பார்த்தேன், நான் இதில் அனுபவஸ்தன் என்றேன். மூன்று பேர் புண்ணையும் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பையையும் விடவில்லை. அவர் எழுதிக்கொண்டார், நான் கையெழுத்துப் போட்டேன். காளிமுத்து அடுத்த கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அன்று மாலையே டிரெஸரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறுமுன் அவர் திரும்பி மண்டபத்துக்குள் பார்த்தார். யாரைத் தேடினார் என்று தெரியாது. கைகூடக் கழுவவில்லை, பாதிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வேலையோடு போனார்.

அந்த நாட்களில் அப்படிப் பிடித்தால் கேஸ், கோர்ட் என்று ஒன்றும் இல்லை. முகாமில் அடைத்து வைப்பார்கள். சிலர் வருஷக்கணக்கில் இருந்தார்கள். இந்தியாவில் பிறந்தவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பியதும் உண்டு. சவரிமுத்து தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். அவர் மனைவியும் இரண்டு பெண்களும் இங்கே.

டிரெஸர் இல்லாத ஆஸ்பத்திரியில் யாரை வைத்திருக்க முடியும்? இரண்டு நாளில் எங்கள் மூவரையும் காவலோடு லோரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நான் புதிய ஆள் அல்ல. போன வருஷம் குடல்வால் ஆபரேஷனுக்கு அதே வார்டில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தேன். அதனால் உரிமையோடு பழைய கட்டிலுக்கு நொண்டிப் போனேன். சிஸ்டர் விடவில்லை. சீனத்தி, கண்டிப்பானவள். எங்கள் மூவரையும் வராந்தாக் கோடியில் தனியாகப் போட்டு, வார்டுக்கும் எங்களுக்கும் நடுவே துணித்திரை நிறுத்தினாள். எங்கள் தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றிலும் சிவப்புச் சாயத்தால் குறி போட்டாள். எங்களைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். எனக்கு விளங்கிவிட்டது. இது போலீஸ் ஏற்பாடு, வாக்குமூலம் கொடுத்தவனைக் கண்காணிக்கிறார்கள் என்று. வராந்தாவுக்கு வெளியே ஒருவன் புல் வெட்டிக்கொண்டே இருந்தான். மூன்று நாள் அதே இடத்துப் புல்லை வெட்டினான். அவனையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

பாக்கியம் இரண்டு நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவாள். சமைத்த சோற்றை வேலிக் கதவைத் தாண்டிக் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் வெறுங்கையோடு வந்து, டவுன் கடையில் இட்டலி வாங்கி, தண்ணீரில் பிசைந்து எனக்கு ஊட்டுவாள். ஒருமுறை அவள் சுத்தமான வெள்ளைத் துணிப் பட்டைகள் ஒரு கட்டு கொண்டுவந்தாள். வேட்டியைக் கிழித்து, கொதிநீரில் போட்டு எடுத்து, காயவைத்து, காகிதத்தில் சுற்றியிருந்தது. யார் கொடுத்தது என்றேன். டிரெஸர் வீட்டம்மா என்றாள். டிரெஸரின் வேட்டியாம். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி பத்தாது, கிராணிக்குக் கொடு என்று கொடுத்தாராம்.

வாக்குமூலம் கொடுத்தது நான்தான் என்று அந்த அம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பாக்கியம் இட்டலியைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் போனபின் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், எதையாவது தடவியிருப்பார்களோ என்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நடுத்தர வயது. வந்த முதல் நாளே எங்கள் புண்களில் பஞ்சுக் குச்சியால் தொட்டுக் கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு எடுத்துப் போனார். நாலாம் நாள் வலது கை விரலில் தடவி எடுத்துவிட்டு, மூக்குக்குள்ளும் குச்சியை விட்டார். புண் காலில் இருக்க மூக்கில் என்ன வேலை என்று கேட்டேன். இருக்குது வேலை என்று மட்டும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை நான் வழக்கம்போலத் திருநீற்று டப்பாவோடு திரையைத் தாண்டி வார்டுக்குள் போய், முதல் கட்டிலில் இருந்த ஆபரேஷன்காரர் நெற்றியில் பூசக் கையை நீட்டியிருந்தேன். சிஸ்டர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். நான் வார்டே கேட்கச் சத்தம் போட்டேன். எங்கள் சாமியைத் தொட உனக்கு என்ன உரிமை என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் கையை மட்டும் விடவில்லை.

மூன்று நாள் கழித்து டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் மூடி போட்ட வட்டக் கண்ணாடித் தட்டுகள் நாலைந்து இருந்தன. பக்கத்தில் என் டப்பா.

"சிங்காரம், நீங்கள் தோட்டத்திலை பாலைச் சோதிக்கிறனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். இஞ்ச வந்து பாருங்கோ, இது என்ரை சோதனை."

முதல் தட்டைக் காட்டினார். கிருமிகளை அதில் விதைத்து வளர்த்திருக்கிறார்கள். தட்டு முழுக்க மங்கலாக ஆடை படர்ந்திருந்தது. நடுவே ஒரு சொட்டுப் பென்சிலின் விட்ட இடத்தில் மட்டும் தெளிவான வட்டம். அங்கே கிருமி செத்துவிட்டது, பென்சிலினுக்கு அடங்குகிற சாதாரணக் கிருமி இப்படித்தான் என்றார். பிறகு என் காலிலிருந்து எடுத்ததைக் காட்டினார். அதே ஒரு சொட்டு. வட்டமே இல்லை. ஆடை மருந்துச் சொட்டின் மேலேயே ஏறிப் படர்ந்திருந்தது.

அப்போ மருந்தில் தண்ணீர் என்றேன். சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை.

டாக்டர் உட்கார்ந்துகொண்டார். இரண்டு தட்டிலும் விட்டது ஒரே குப்பி மருந்து, அதுவும் உங்கள் டிரெஸரின் அலமாரியிலிருந்து போலீஸ் எடுத்து அனுப்பிய குப்பி என்றார். நல்ல மருந்து, முழு வீரியம். தூளை அப்படியே உடம்பில் குத்த முடியாது, தண்ணீர் ஏற்றினால்தான் ஊசி. கொஞ்சம் கூட ஏற்றினாலும் குப்பியில் இருக்கிற மருந்து அத்தனையும் உங்கள் உடம்புக்குள்தான் போகிறது, எங்கேயும் குறைவதில்லை. பாலில் தண்ணீர் வேறு, இதில் தண்ணீர் வேறு. இந்தக் கிருமி பென்சிலினைத் தின்று பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிகளில் எதற்கெடுத்தாலும் பென்சிலின் போட்டுப் போட்டு, சாகாமல் தப்பியது மட்டும் பெருகி, இப்போது உலகத்தில் பல ஆஸ்பத்திரிகளில் இது நடமாடுகிறது என்றார்.

நான் கேட்டேன், ஆஸ்பத்திரிக் கிருமி எங்கள் தோட்டத்துக்கு எப்படி வந்தது என்று. அப்போதும் என் மனசு யாரையோ தேடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் மூன்றாவது தட்டை என் பக்கம் தள்ளினார். அது என் மூக்கிலிருந்து எடுத்தது. நாலாவது என் வலது கை விரல். இரண்டிலும் ஆடை தடிப்பாக இருந்தது. போன வருஷம் ஆபரேஷனுக்கு வந்தபோது இங்கிருந்து மூக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். மூக்கில் இருக்கிறவரை அது ஒன்றும் செய்யாதாம், ஆள் ஆரோக்கியமாகவே திரிவான். மூக்கைத் தொட்ட விரல் காயத்தைத் தொட்டால் வேலையைக் காட்டும். என் காயத்துக்கு நானே கொடுத்தேன். காளிமுத்துவின் காலிலும், முதுகுக் கட்டிக்காரரிடமும் இருந்தது அதே கிருமி. டப்பாவைப் பார்த்தேன். அதையும் சோதித்தீர்களா என்றேன்.

"சோதிச்சனாங்கள். அதிலை கொஞ்சந்தான். திருநீறு ஒரு குற்றமும் செய்யேல்லை, விரல்தான்."

வேலிக் கதவில் அத்தனை பேர் நின்று சோதித்தார்கள். அந்தக் கிருமியை மூக்குக்குள் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நான் போய்வந்திருக்கிறேன். என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அன்று மத்தியானம் கட்டிலுக்குத் திரும்பினேன். பக்கத்துக் கட்டிலில் காளிமுத்து முனகிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது, இரண்டு கால்விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நான் எழுந்து போய் அவனிடம் சொன்னேன். என் கையால்தான் வந்தது என்றேன்.

"அத விடுங்க கிராணியாரே. டிரெஸர் உள்ள இருக்காரே, அவருக்கு என்ன சொல்லப் போறீங்க? நா அன்னைக்கு முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

மறுநாளே டாக்டரிடம் சொல்லி இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்ததும், நான் சொன்னது தப்பு, எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். தண்ணீர் ஏன் ஏற்றுகிறார்கள், கிருமி எப்படி வந்தது எல்லாம் சொன்னேன். ஸ்டோரில் காளிமுத்து போன்றவர்கள் என்னிடம் நின்று பேசியதை எல்லாம் நான் எப்படிக் கேட்டேனோ, அப்படியே கேட்டார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உன்னை யார் மிரட்டியது என்றார். யாரும் இல்லை என்றேன். உன் மனைவி யார் வீட்டுக்குப் போய்வருகிறாள் என்றார். டிரெஸரின் மனைவி துணி கொடுத்து அனுப்பியது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போது பொய் சொன்னாயா, இப்போது பொய் சொல்கிறாயா, இரண்டில் ஒன்றைச் சொல் என்றார். நான் அப்போதும் பொய் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்லி நம்பவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இப்படி நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் அந்தப் பத்துக்கு இரண்டு யார் யார் என்று அன்றுதான் எண்ண ஆரம்பித்தேன்.

டாக்டர் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அறிக்கை எழுதினார். தோட்டத்து மானேஜர் பெரிய துரைக்கும் ஒரு நகல் போயிற்று. நான் நாலு முறை வாக்குமூலம் கொடுத்தேன், நாலும் ஒரே மாதிரி. பதில் வரவில்லை.

எங்களுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு புதுக் குளிகை வந்தது. கோலாலம்பூரிலிருந்து எண்ணி அனுப்புவார்கள். வயிற்றைப் புரட்டும், நாக்கு வெந்துபோகும். ஆனால் கேட்டது. என் கால் ஐந்து வாரத்தில் மூடியது. காளிமுத்துவுக்கு ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. என் மூக்கில் தினம் மூன்று வேளை களிம்பு தடவினார்கள். வாரா வாரம் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மூன்று வாரம் தொடர்ந்து தட்டு சுத்தமாக இருந்த பிறகுதான் சிஸ்டர் திரையை எடுத்தாள். அன்று டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து என்னிடம் நீட்டினாள். மூக்கைக் காட்டி, விரலைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள். நான் கைகூப்பினேன். புல் வெட்டினவன் கடைசிவரை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆஸ்பத்திரித் தோட்டக்காரனேதான்.

தோட்டத்துக்குத் திரும்பிய வாரம் பெரிய துரையிடம் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தொட்டியும் குழாயும் சோப்பும் வைத்தேன். வாரத்தில் மூன்று நாள் டவுனிலிருந்து வேறு ஒரு டிரெஸர் வந்துகொண்டிருந்தார். அந்த மூன்று நாளும் ஸ்டோர் வேலை முடிந்ததும் அந்தத் தொட்டிப் பக்கம் போய் நிற்பேன். கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கழுவினேன் என்று பொய் சொல்கிறவர்களை எனக்கு உடனே தெரியும், ஆனால் இப்போது முகத்தைப் பார்ப்பதில்லை, கையை நீட்டச் சொல்லி ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பேன். திருநீறு வேண்டும் என்பவர்களிடம் டப்பாவை நீட்டுவேன், அவரவரே எடுத்துப் பூசிக்கொள்ளட்டும். கிராணிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். டிரெஸர் வீட்டுப் பக்கம் மட்டும் என்னால் போக முடியவில்லை. வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அந்த அம்மாள் கதவைத் திறந்து நின்றார். சொன்னேன். எனக்குத் தெரியுங்க, காலு ஆறிடுச்சா என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து சவரிமுத்து விடுதலையாகி வந்தார். காரணம் யாரும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இன்னும் மெலிந்திருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டே நாளில் வேலைக்கு வந்துவிட்டார். நான் தொட்டியருகே நின்றேன். வந்தவர் குழாயைத் திறந்து நிதானமாகக் கை கழுவினார். நீங்கதான் வச்சீங்களாமே என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். கை கழுவியிருக்கேன், தொடாதீங்க என்று நகர்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். ஒரு வெட்டுக்காரப் பெண்ணுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். அதற்குப் பென்சிலின் இன்னும் கேட்கும். மேசையில் குப்பி இருந்தது, வெள்ளைத் தூளோடு. ஊசியில் தண்ணீரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எனக்கு அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோக முடியவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நான் பார்க்கத் தேவையில்லை என்றேன்.

"அன்னைக்கும் பாக்கத்தான செஞ்சீங்க. பாத்தீங்க, கேக்கல. இப்ப கேளுங்க கிராணி."

கேட்டேன். எதுக்குங்க இவ்வளவு தண்ணி என்று கேட்டேன். அவர் குப்பியைக் குலுக்கிக்கொண்டே, தூள் கரைய எவ்வளவு, ஊசி அடைக்காமல் இருக்க எவ்வளவு, எத்தனை கூடினாலும் மருந்து ஏன் குறையாது என்று சொன்னார். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.